பிபிஎம்என் படத்தில் கட்டங்களைச் சேர்ப்பதும் இணைப்பதும்: ஒரு ரப்பர் கடையை வைத்து

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தோட்டக்காரர் ஆட்டோவிலோ பைக்கிலோ ஷீட் கட்டைக் கொண்டுவந்து இறக்குகிறார். கூடவே ஒரு சாக்கில் ஒட்டுப்பாலும், அதாவது சிரட்டையிலும் மரத்திலும் தானாக உறைந்த ரப்பரும், இருக்கலாம். கடையில் ஒருவர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறார், ஒருவர் எடை போடுகிறார், கணக்கப்பிள்ளை அன்றைய விலையைப் பெருக்கிப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். சரக்கு குடோனுக்குப் போகிறது. யாரும் எழுதிவைக்காமலே இத்தனையும் வருஷக்கணக்காக நடக்கிறது.

சிக்கல் எப்போது வரும்? கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்ய வருபவர், "உங்க வேலை எப்படி நடக்குதுன்னு ஒரு படமா போட்டுக் குடுங்க" என்று கேட்கும்போது. உடனே வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை பவர்பாயின்ட்டைத் திறந்து ஆறு கட்டமும் ஐந்து அம்பும் போட்டுக் கொடுத்துவிடும். பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஷீட் ஈரமாக இருந்தால் என்ன செய்வீர்கள், பணம் கொடுப்பது முந்தியா குடோனில் அடுக்குவது முந்தியா என்று சாஃப்ட்வேர்காரர் கேட்டால் அந்தப் படத்தில் பதில் இருக்காது. கட்டங்களில் குறை இல்லை. அவற்றுக்கு இடையில் உள்ள கோடுகள் எதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தொழில் நடைமுறைகளை வரைவதற்கென்றே பிபிஎம்என் என்று ஒரு குறியீட்டு முறை இருக்கிறது. பிசினஸ் ப்ராசஸ் மாடல் அண்ட் நொட்டேஷன் என்பது முழுப்பெயர். முதல் பதிப்பு 2004இல் வந்தது. இப்போது புழக்கத்தில் இருக்கும் 2.0 பதிப்பை ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் என்ற அமைப்பு 2011இல் வெளியிட்டது. 2013இல் அது ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. இந்த முறையில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பொருள் உண்டு. கோட்டுக்கும் உண்டு, முழுக்கோடு ஒன்றைச் சொல்லும், விட்டுவிட்டுப் போகும் கோடு வேறொன்றைச் சொல்லும்.

எந்த சாஃப்ட்வேர் என்று கேட்டால், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பிபிஎம்என்.ஐஓ தளத்தைத்தான் சொல்வேன். பிரௌசரிலேயே இலவசமாக ஓடும். கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ள வேண்டுமானால் கமுண்டா மாடலர் இருக்கிறது, இரண்டுக்கும் உள்ளே ஒரே எஞ்சின்தான். டிரா.ஐஓ, விசியோ, பிசாகி என்று வேறு பலவும் உண்டு. டிரா.ஐஓ எல்லாவிதப் படத்துக்கும் பொதுவானது. எந்தக் கோட்டை எங்கே இழுத்தாலும் "சரி" என்று ஏற்றுக்கொள்ளும். பிபிஎம்என்.ஐஓ அப்படியில்லை, தவறான இடத்தில் கோடு போட விடாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் கொஞ்சம் கண்டிப்பான ஆள்தான் நல்லது.

முதலில் எல்லை

சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்னால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தீர்மானித்துவிடுங்கள். ரப்பர் என்றால் விடிவதற்கு முன் பால் வெட்டுவது, சிரட்டையில் வடிந்ததைச் சேகரிப்பது, ஆசிட் விட்டு உறைய வைப்பது, ரோலரில் அடிப்பது, புகைப்புரையில் உலர்த்துவது என்று கதை நீளும். அதெல்லாம் தோட்டக்காரரின் வேலை. நாம் வரையப்போவது கடையின் வேலை. ஷீட் கடை வாசலுக்கு வருவதில் தொடங்கி, பணம் கொடுத்துச் சரக்கை அடுக்குவதில் முடிகிறது. இந்த எல்லையை விட்டு வெளியே போனால் படம் ஒரு பக்கத்தில் அடங்காது.

பொருள்களைச் சேர்ப்பது

பிபிஎம்என்.ஐஓவில் புதிய படம் ஒன்றைத் திறந்தால் இடது ஓரத்தில் ஒரு கருவிப் பட்டை இருக்கும். நடுவில் வெள்ளைப் பரப்பு, அதில் தன்னந்தனியாக ஒரு வட்டம். அந்த மெல்லிய வட்டம்தான் தொடக்க ஈவென்ட், அதாவது தொடக்க நிகழ்வு. தடித்த கோட்டில் வரைந்த வட்டம் முடிவு. இரட்டைக் கோட்டு வட்டம் இடையில் நடக்கும் ஏதாவது ஒன்று. முனை மழுங்கிய செவ்வகம் டாஸ்க், அதாவது ஒருவர் செய்யும் ஒரு வேலை. சாய்சதுரம் கேட்வே, வழி பிரியும் அல்லது சேரும் இடம். தொடக்கத்தில் இவ்வளவு தெரிந்தால் தாராளம்.

பட்டையில் உள்ள எதையும் மவுஸால் பிடித்து இழுத்துப் பரப்பில் விடலாம். பெயர் எழுத அதன்மேல் இரண்டு தடவை கிளிக் செய்யுங்கள். தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். டாஸ்க்கின் பெயரை ஒரு கட்டளை மாதிரி வையுங்கள்: "ஷீட்டைச் சோதி", "எடை போடு", "பணம் கொடு". "எடை" என்று மட்டும் எழுதினால் அது வேலையா, பொருளா, அளவா என்று புரியாது. ஈவென்ட்டின் பெயர் நடந்து முடிந்ததைச் சொல்ல வேண்டும்: "ஷீட் வந்தது", "கொள்முதல் முடிந்தது".

நான் முதலில் சேர்க்கச் சொல்வது பூல் என்ற பெரிய செவ்வகத்தை. பூல் என்பது ஒரு தனி நிறுவனத்தின், அல்லது ஒரு தனித் தரப்பின் எல்லை. பட்டையிலிருந்து பூலை எடுத்துப் பரப்பில் வைத்தால், ஏற்கெனவே அங்கே இருக்கும் வட்டத்தைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும். அதற்கு "ரப்பர் கடை" என்று பெயரிடுங்கள். பூலைக் கிளிக் செய்தால் பக்கத்தில் சில சின்ன ஐகான்கள் தோன்றும். அவற்றில் மூன்றாகப் பிரிப்பதைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே மூன்று லேன் வரும். தரம் பார்ப்பவர், எடை போடுபவர், கணக்கப்பிள்ளை என்று ஆளுக்கொன்று. சின்னக் கடையில் மூன்றையும் ஒருவரே செய்யலாம். அப்போதும் லேனைப் பிரித்து வைப்பதில் தப்பில்லை, ஏனென்றால் லேன் குறிப்பது பொறுப்பை.

இன்னொரு பூலை எடுத்து மேலே வைத்து "தோட்டக்காரர்" என்று எழுதுங்கள். அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தேவையில்லை. ஆகவே ஸ்பானர் ஐகானை அழுத்தி அதை உள்ளே எதுவும் இல்லாத காலி பூலாக மாற்றிவிடுங்கள். அந்த ஸ்பானர் பெரும்பாலான பொருள்களுக்கு உண்டு. சாதாரண டாஸ்க்கை ஆள் செய்யும் டாஸ்க்காக, சாதாரண ஈவென்ட்டை நேரம் காட்டும் ஈவென்ட்டாக மாற்றுவதெல்லாம் அதன் வழியாகத்தான். தப்பான வகையை வைத்துவிட்டோம் என்று அழித்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டாம். அழித்தால் அதில் சேர்ந்திருந்த கோடுகளும் போகலாம், ஸ்பானரால் மாற்றினால் அவை அப்படியே இருக்கும்.

கோடு ஒட்டியிருக்கிறதா?

இப்போது கோடுகள். இணைப்பதற்கு மூன்று வழி இருக்கிறது, அவற்றில் ஒன்று மற்ற இரண்டையும்விட நல்லது.

தொடக்க வட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். அதன் வலப்பக்கம் தோன்றும் ஐகான்களில் ஒரு சின்ன செவ்வகம் இருக்கும். அதை அழுத்தினால் புதிய டாஸ்க்கும் அதற்குப் போகும் அம்பும் ஒன்றாகவே வந்துவிடும். டாஸ்க்கைக் கிளிக் செய்தால் மறுபடியும் அதே ஐகான்கள். இப்படியே ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்த்துக்கொண்டு போகலாம். சேர்ப்பதும் இணைப்பதும் ஒரே அடியில் முடிந்துவிடுகிறது. எல்லாக் கட்டங்களையும் முதலில் பரப்பி வைத்துவிட்டு அப்புறம் கோடு இழுக்கலாம் என்று ஆரம்பிப்பவர்களின் படத்தில் ஏதோ ஒரு கட்டம் அநாதையாக நிற்கும். முடிவு வட்டத்தைக் கிளிக் செய்து பாருங்கள், அடுத்ததைச் சேர்க்கும் ஐகான்கள் அங்கே வராது. முடிந்த பிறகு என்ன அடுத்தது!

இரண்டாவது வழி, ஏற்கெனவே இருக்கும் இரண்டு பொருள்களைச் சேர்ப்பது. முதல் பொருளைக் கிளிக் செய்து, அம்பு வடிவ ஐகானை அழுத்தி, போக வேண்டிய பொருளின்மேல் கொண்டுபோய்க் கிளிக் செய்ய வேண்டும். மூன்றாவது, இருக்கும் கோட்டின் நடுவில் ஒரு பொருளை நுழைப்பது. "சோதி"க்கும் "எடை போடு"க்கும் இடையில் "வகை பிரி" விட்டுப்போய்விட்டது என்றால், புதிய டாஸ்க்கை அந்தக் கோட்டின்மேலேயே கொண்டுபோய் விடுங்கள். கோடு தானாக இரண்டாகப் பிரிந்து புதிய டாஸ்க்கை நடுவில் சேர்த்துக்கொள்ளும். நடுவில் உள்ள ஒன்றை அழிக்கும்போது இதற்கு நேர்மாறாக நடக்கும். உள்ளே வருவது ஒரு கோடு, வெளியே போவது ஒரு கோடு என்றிருந்தால், அழித்த பிறகு முன்னதும் பின்னதும் நேரடியாகச் சேர்ந்துகொள்ளும்.

எந்த சாஃப்ட்வேர் ஆனாலும் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கட்டத்தைப் பிடித்து நகர்த்துங்கள். கோடும் கூடவே வந்தால் அது இணைப்பு. கட்டம் நகர்ந்து கோடு அங்கேயே கிடந்தால் அது வெறும் கீறல்தான், கட்டத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை அந்த இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிபிஎம்என்.ஐஓவில் இப்படித் தொங்கும் கோட்டைப் போடவே முடியாது. டிரா.ஐஓவில் முடியும், எனவே அங்கே கவனம் வேண்டும். கோட்டின் முனையைக் கட்டத்தின் அருகே கொண்டுபோகும்போது கட்டத்தின் முழு ஓரமும் நீலமாக மின்னினால் கோடு அந்தக் கட்டத்தோடு ஒட்டும், கட்டத்தை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் வசதியான பக்கத்துக்கு முனை தானே மாறிக்கொள்ளும். ஒரு குறிப்பிட்ட புள்ளி மட்டும் பச்சையானால் அந்தப் புள்ளியிலேயே நிலையாக ஒட்டும். இரண்டுமே நல்ல இணைப்புதான். எந்த நிறமும் காட்டாமல் விட்டீர்களென்றால் ஒட்டவில்லை.

நியாயமாகச் சொன்னால் பவர்பாயின்ட்டிலும் கட்டத்தோடு ஒட்டும் கனெக்டர் கோடு உண்டு. ஆனால் இது அடுத்த வேலைக்குப் போகும் வழி, அது வேறு ஒருவருக்குப் போகும் செய்தி என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது.

எங்கே எந்தக் கோடு

ஒரு பூலுக்குள் வேலையின் வரிசையைக் காட்டுவது முழுக்கோடு, சீக்வென்ஸ் ஃப்ளோ என்று பெயர். லேனைத் தாண்டலாம், பூலைத் தாண்டக் கூடாது. இரண்டு பூல்களுக்கு இடையில் போவது விட்டுவிட்டு வரைந்த கோடு, மெசேஜ் ஃப்ளோ. அது ஒரே பூலுக்குள் வரக் கூடாது. இந்த இரண்டு விதிகளைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஏன் இப்படி ஒரு விதி? கடைக்காரர் தன் கடை ஆளைப் பார்த்து, இதை முடித்ததும் அதைச் செய் என்று சொல்ல முடியும். தோட்டக்காரரை அப்படிச் சொல்ல முடியாது. அவரிடமிருந்து ஏதாவது வரும், அவருக்கு ஏதாவது போகும், அவ்வளவுதான் கடைக்கும் அவருக்கும் உள்ள உறவு. கடிதம், போன் என்று மட்டுமில்லாமல் கைமாறும் சரக்கையும் பணத்தையும்கூடப் பலர் மெசேஜ் ஃப்ளோவாகவே காட்டுகிறார்கள். நம் படத்தில் தோட்டக்காரர் பூலின் ஓரத்திலிருந்து "ஷீட் வந்தது" என்ற வட்டத்துக்கு ஒன்று, "பணம் கொடு" டாஸ்க்கிலிருந்து தோட்டக்காரர் பூலுக்கு ஒன்று. கேட்வேக்கு மெசேஜ் ஃப்ளோ போகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நல்ல வேளையாக, எந்த வகைக் கோடு என்று ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை. பிபிஎம்என்.ஐஓவில் அம்பு ஐகானை அழுத்தி இழுத்தால், எங்கிருந்து எங்கே என்று பார்த்து அதுவே வகையை முடிவு செய்யும். ஒரே பூலுக்குள் இழுத்தால் முழுக்கோடு, அடுத்த பூலுக்கு இழுத்தால் விட்டுவிட்டு வரும் கோடு. விளக்கக் குறிப்புக்கு இழுத்தால் புள்ளிக்கோடு. "விலை கணக்கிடு" டாஸ்க்குக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு சேர்த்து, ரப்பர் போர்டு அன்றாடம் வெளியிடும் கோட்டயம் விலையைப் பார்க்க வேண்டும் என்று எழுதிவைக்கலாம். அந்தப் புள்ளிக்கோட்டின் வழியே வேலை எதுவும் நகராது, படிப்பவருக்கான தகவல் மட்டும்தான். இணைக்கவே கூடாத இடத்துக்குக் கோட்டைக் கொண்டுபோனால் அந்தப் பொருள் சிவப்பாகும். 

கேட்வே: படம் கெடுவது இங்கேதான்

முதலில் ஒரு பொதுவான தவறான எண்ணம். "ஷீட்டைச் சோதி" டாஸ்க்கிலிருந்து இரண்டு அம்புகளை வரைந்து, ஒன்றில் "காய்ந்தது", மற்றதில் "ஈரம்" என்று எழுதிவிட்டால் ஏதோ ஒரு வழி போகும் என்று நினைப்பார்கள். சாதாரண ஃப்ளோசார்ட் வரைந்த பழக்கம் அது. பிபிஎம்என் விதிப்படி ஒரு டாஸ்க்கிலிருந்து இரண்டு சாதாரண அம்புகள் புறப்பட்டால் இரண்டு வழியிலும் வேலை நடக்கும். அதாவது ஷீட்டைத் திருப்பியும் கொடுப்பீர்கள், எடை போட்டுப் பணமும் கொடுப்பீர்கள். கோட்டின்மேல் எழுதியது வெறும் எழுத்து, அது வழியைத் தடுக்காது. தேர்வு என்று வந்தால் கேட்வே வேண்டும்.

சோதித்த பிறகு எக்ஸ் குறி போட்ட கேட்வே ஒன்றை வையுங்கள். "காய்ந்திருக்கிறதா?" என்ற கேள்வியைக் கேட்வேயின் பெயராகவும், "ஆம்", "இல்லை" என்ற பதில்களை வெளியேறும் கோடுகளின் பெயராகவும் எழுதுங்கள். நன்றாகக் காய்ந்த ஷீட் வெளிச்சத்தில் தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரித் தெரியும். உள்ளே வெள்ளைத் திட்டு தெரிந்தால் ஈரம் போகவில்லை. அதைப் பார்த்துச் சொல்வது "சோதி" டாஸ்க்கின் வேலை. கேட்வே எதையும் பார்க்காது, முடிவு தெரிந்த பிறகு வழியை மட்டும் காட்டும். எக்ஸ் என்றால் இருக்கும் வழிகளில் ஒன்றே ஒன்று. "இல்லை" என்ற கோடு "ஷீட்டைத் திருப்பிக் கொடு" டாஸ்க்குக்குப் போய், அங்கிருந்து தனி முடிவு வட்டத்தில் நிற்கும். ஒரு படத்துக்கு ஒரே முடிவு வட்டம்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நல்லபடி முடிவதற்கு ஒன்று, நடக்காமல் போவதற்கு ஒன்று என்று வைத்தால் படிப்பவருக்குத் தெளிவாக இருக்கும்.

"ஆம்" என்ற வழி "வகை பிரி" டாஸ்க்குக்குப் போகிறது. இங்கே கடையின் நடைமுறை தெரியாதவர் மறுபடியும் எக்ஸ் கேட்வேயை வைத்துவிடுவார். ஷீட்டா, ஒட்டுப்பாலா, ஏதாவது ஒன்றுதானே என்று. கடையில் ஒருநாள் நின்று பார்த்தவருக்குத் தெரியும், ஒரே ஆள் இரண்டையும் கொண்டுவருவார், சிலர் ஒன்றை மட்டும் கொண்டுவருவார்கள். ஷீட்டிலேயே ஆர்எஸ்எஸ் 4 என்ற தரம் கொஞ்சம், ஆர்எஸ்எஸ் 5 என்ற தரம் கொஞ்சம் என்று கலந்தும் வரும். ஒன்று வரலாம், இரண்டும் வரலாம் என்ற நிலைக்கு உரியது வட்டக் குறி போட்ட கேட்வே, இன்க்ளூசிவ் என்று பெயர். பட்டையிலிருந்து இழுத்தால் எக்ஸ்தான் வரும், ஸ்பானரால் மாற்றிக்கொள்ளுங்கள். அதிலிருந்து "ஷீட்டை எடை போடு" ஒரு பக்கம், "ஒட்டுப்பாலை எடை போடு" மறுபக்கம்.

பிரிந்தது சேர வேண்டும். இரண்டு எடையும் தெரிந்தால்தான் விலை கணக்கிட முடியும். சேரும் இடத்திலும் அதே வட்டக் குறி கேட்வேதான் வர வேண்டும். இதைப் புரிந்துகொள்ள டோக்கன் என்ற கற்பனை உதவும். தொடக்க வட்டத்திலிருந்து ஒரு டோக்கன் புறப்பட்டுக் கோடுகளின் வழியே நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் கேட்வேயில் அது ஒரு வழியில் போகும். கூட்டல் குறி கேட்வேயில் எத்தனை வழி இருக்கிறதோ அத்தனை டோக்கன்களாகப் பிரியும். வட்டக் குறியில் எத்தனை வழி பொருந்துகிறதோ அத்தனை மட்டும். சேரும் இடத்தில் கூட்டல் குறி எல்லா வழியிலிருந்தும் டோக்கன் வரும்வரை காத்திருக்கும். வட்டக் குறி, புறப்பட்டு வந்துகொண்டிருப்பவற்றுக்கு மட்டும் காத்திருக்கும். எக்ஸ் யாருக்கும் காத்திருக்காது, வந்ததை வந்தபடி அனுப்பிவிடும்.

இப்போது, வட்டக் குறியில் பிரித்துவிட்டுக் கூட்டல் குறியில் சேர்த்தால் என்ன ஆகும்? ஷீட் மட்டும் கொண்டுவந்தவரின் டோக்கன் ஒரு வழியில் வந்து நிற்கும். ஒட்டுப்பால் வழியில் டோக்கன் ஒருபோதும் வராது. கூட்டல் குறி அதற்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அந்த மனிதர் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், பணம் வராது. படத்தில் பார்த்தால் எல்லாக் கோடும் ஒழுங்காகச் சேர்ந்திருக்கும், தப்பு கண்ணுக்கே தெரியாது.

நேர்மாறான தப்பு இன்னும் ஆபத்தானது. விலை பேசி முடிந்ததும் கணக்கப்பிள்ளை பணம் கொடுப்பதும் மற்றவர் சரக்கைக் குடோனில் அடுக்குவதும் ஒரே சமயத்தில் நடக்கலாம். ஆகவே கூட்டல் குறி கேட்வேயில் இரண்டாகப் பிரிக்கிறோம். சேரும் இடத்தில் எக்ஸ் வைத்துவிட்டு, அடுத்து "ரசீது கொடு" என்று ஒரு டாஸ்க் வைத்தால்? பணம் கொடுத்த டோக்கன் வரும், ஒரு ரசீது. அடுக்கிய டோக்கன் வரும், இன்னொரு ரசீது. கேட்வேயே இல்லாமல் இரண்டு அம்புகளை நேரடியாக "ரசீது கொடு"க்குள் விட்டாலும் இதே கதைதான், வந்த டோக்கனுக்கெல்லாம் ஒரு தடவை அந்த வேலை நடக்கும். ரசீது என்றால் ஒரு தாளோடு போயிற்று. அந்த இடத்தில் இருப்பது பணம் அனுப்பும் டாஸ்க் என்றால் கடைக்காரர் சும்மா இருப்பாரா?

கூட்டலில் பிரித்ததைக் கூட்டலில் சேர், வட்டத்தில் பிரித்ததை வட்டத்தில் சேர். எக்ஸில் பிரிந்த வழிகள் மறுபடி சந்தித்தால் எக்ஸ். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவை உங்களுக்குத் தேவைப்படும் காலம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். பிபிஎம்என்.ஐஓ குழுவினரே டோக்கன் சிமுலேஷன் என்று ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். படத்தில் டோக்கன் நிஜமாகவே நகர்வதைப் பார்க்கலாம், எங்கே மாட்டிக்கொள்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

திரும்பிப் போகும் கோடு

சில கடைகளில் சொந்தப் புகைப்புரை இருக்கும். ஈர ஷீட்டைத் திருப்பிக் கொடுக்காமல் அங்கேயே உலர்த்திக்கொள்வார்கள். அப்படியானால் "இல்லை" என்ற கோடு "புகைப்புரையில் தொங்கவிடு" டாஸ்க்குக்குப் போகும். அடுத்து கடிகாரக் குறி போட்ட இரட்டை வட்டம், உலரும் நாள்களுக்கான காத்திருப்பு. அங்கிருந்து கோடு திரும்பி "ஷீட்டைச் சோதி"க்கே வரும். "சோதி"க்குள் இப்போது இரண்டு அம்புகள் வருகின்றன. இது பரவாயில்லை, ஏனென்றால் இங்கே நடமாடுவது ஒரே டோக்கன், அது இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் வராது.

திரும்பும் கோட்டை மற்ற கட்டங்களின் நடுவே குறுக்காக விடாதீர்கள். மேல்புறமாகவோ கீழ்ப்புறமாகவோ சுற்றிக் கொண்டுவாருங்கள். கோட்டின்மேல் எங்கே பிடித்து இழுத்தாலும் அங்கே ஒரு வளைவுப் புள்ளி உண்டாகும். வேலையின் பொதுவான ஓட்டம் இடமிருந்து வலம். நடுவில் இடம் போதாவிட்டால் ஒவ்வொரு கட்டமாக நகர்த்த வேண்டாம். இடது பட்டையில் ஸ்பேஸ் டூல் இருக்கிறது, கீபோர்டில் எஸ் எழுத்தை அழுத்தினாலும் வரும். அதை வைத்து இழுத்தால் அந்தப் பக்கம் உள்ள எல்லாமே கோடுகளோடு சேர்ந்து விலகி இடம் விடும். நிறம் அடிப்பது, எழுத்தை அழகாக்குவது எல்லாம் கடைசியில்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

படத்தை டவுன்லோட் செய்தால் .பிபிஎம்என் என்று முடியும் ஒரு கோப்பு கிடைக்கும். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்ளே எக்ஸ்எம்எல் எழுத்துகள்தான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அடையாள எண் இருக்கும். ஒவ்வொரு சீக்வென்ஸ் ஃப்ளோவும் சோர்ஸ் (புறப்படும் பொருள்) எது, டார்கெட் (போய்ச் சேரும் பொருள்) எது என்று இரண்டு அடையாளங்களைச் சொல்லும். கட்டம் எத்தனை அகலம், கோடு எங்கே வளைகிறது என்பதெல்லாம் கோப்பின் கீழ்ப்பகுதியில் தனியாக இருக்கும். பில்லிங் சாஃப்ட்வேர் செய்பவருக்குப் பயன்படுவது மேல்பகுதி. "பணம் கொடு" என்ற பெயரை "பட்டுவாடா செய்" என்று மாற்றினாலும், கட்டத்தைப் படத்தின் மறுகோடிக்கு இழுத்துச் சென்றாலும் சோர்ஸும் டார்கெட்டும் மாறாது. டிரா.ஐஓ தன் சொந்த வடிவத்தில் சேமிக்கும் என்பதால், அங்கே வரைந்ததை இப்படி இன்னொரு பிபிஎம்என் சாஃப்ட்வேரில் நேரடியாகத் திறக்க முடியாது.

அதே படத்தை எஸ்விஜி படமாகவும் இறக்கிப் பிரின்ட் எடுக்கலாம். எடுத்து, கடையில் தினமும் நிற்பவரிடம் காட்டுங்கள். குறியீடெல்லாம் விளக்க வேண்டாம், தொடக்க வட்டத்தில் விரல் வைத்துக் கோட்டின் வழியே போகச் சொன்னால் போதும். "ஒட்டுப்பால் மட்டும் கொண்டு வாறவனுக்கு ஷீட் காஞ்சிருக்கான்னு எதுக்குப் பாக்கணும்?" என்று கேட்பார். சரியான கேள்வி. எக்ஸ் கேட்வே ஒன்றை எடுத்து, "ஷீட் வந்தது" வட்டத்துக்கும் "ஷீட்டைச் சோதி"க்கும் இடையிலுள்ள கோட்டின்மேல் விடுங்கள், கோடு பிரிந்து அதைச் சேர்த்துக்கொள்ளும். கேட்வேக்கு "ஷீட் இருக்கிறதா?" என்று பெயர், "சோதி"க்குப் போகும் கோட்டுக்கு "ஆம்". கேட்வேயிலிருந்து "வகை பிரி"க்கு நேராக இன்னொரு கோடு, அதில் "இல்லை". தொடக்க வட்டத்தின் பெயரையும் "சரக்கு வந்தது" என்று மாற்றிவிடுங்கள்.